கரையான் புற்றுப் பள்ளிக்கூடம்

மச்சான், இன்று காலை பள்ளிக்கூடத்துக் குளத்தைத் திரும்ப வெட்டத் தொடங்கிவிட்டார்கள். பொக்லைன் அள்ளிப்போட்ட கருஞ்சேற்றின் வாடை மூக்கில் ஏறியதும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். குளத்தைத் தூர்த்த இடத்தில் தாளாளர் தன் அப்பாவுக்குக் கட்டியிருந்தாரே சிலை மேடை, அதைத்தான் முதலில் இடித்தார்கள். நான் நாற்காலி போட்டுப் பார்த்தேன்.

கட்டட வரைபடம் போட்டுப் பிழைத்தவர் நீங்கள். அன்று நம் திடலில் கரையான் புற்றருகே குந்தி, அடி ஓட்டையில் பீடிப் புகையை ஊதினீர்கள். உச்சியில் பனைமர உயரத்துக்குப் புகை எழுந்தது. "மாப்ளே, வீடு மூச்சு விடுது பாரு. பள்ளிக்கூடமும் இப்படித்தான் இருக்கணும்." உயர்ந்த தளம், சுவரடியில் சந்து, கூரை உச்சியில் திறப்பு, எதிரே குளம் என்று அன்றே படம் போட்டீர்கள். குளத்தைத் தொட்டு வரும் காற்று வகுப்பின் வெக்கையை மேலே தள்ளிவிடும். எட்டாவதோடு நின்றவன் நான். ஆனாலும் அந்தப் படத்தில் பாதி என் யோசனை. நீங்களே ஒப்புக்கொண்டதாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் கட்டுவது பற்றிய கூட்டத்தில் தாளாளர் படத்தைத் தூக்கிக் காட்டி, "புள்ளைங்க என்ன கரையானாய்யா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். குளத்தைத் தூர்த்துத் தகரக் கொட்டகை போட்டார். "மழத்தண்ணி எல்லாம் இங்கதான் வந்து ஒக்காரும், மாப்ளே. அவரு எங்க போயி ஒக்காருவாரு?" என்றீர்கள். அப்புறம் நீங்கள் படமே போடவில்லை. அந்தச் சிரிப்புத்தான் உங்களைக் கொண்டுபோனது. டாக்டர் வேறு ஏதோ சொன்னார், அவருக்கு என்ன தெரியும்!

போன கோடையில் தகரத்தடியில் பிள்ளைகள் மயங்கினார்கள். ஐப்பசியில் பெஞ்சுகள் மிதந்தன. கெண்டை மீன் கரும்பலகை வரை துள்ளியது. பெற்றோர் டி.சி. கேட்டு வரிசையில் நின்றதும் தாளாளர் என் வாசலுக்கு வந்தார்.

"மச்சான் போட்ட படம் உங்ககிட்ட இருக்குன்னாங்க..."

"இருக்குங்க. கரையான் சொல்லிக்குடுத்த படம் அது. பெத்தவங்க கூட்டத்துல மைக்குல அப்படியே சொல்லிட்டு வாங்கிக்குங்க."

சொன்னார், மச்சான். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசைக்குக் கேட்டிருக்காது என்று மைக்கை வாங்கி நானும் ஒருமுறை சொன்னேன்.

இன்று மேடை சரிந்ததும் என் நாற்காலியருகே வந்தார். கண் கலங்கியிருந்தது. "மச்சானுக்குத் தப்பு பண்ணிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

மன்னிக்க வேண்டியவர் நீங்கள். உங்கள் பங்கை நான் எப்படி விட்டுக்கொடுப்பேன்?

"வெச்சுக்குவேங்க," என்றேன். "எங்க மச்சான நேர்ல பாத்து ஒப்படைக்கிற வரைக்கும் வெச்சுக்குவேன்."