பதினோராவது கண்ணாடி

சூடேறிய தகரத்தில் தூசி கருகினால் ஒரு வாசம் வருமே, அது இன்று காலை என் மூக்கில் ஏறியது. ஒன்பது வருஷம் கழித்து. நீ வேலை பார்த்த அதே பிரிக்பீல்ட்ஸ் பள்ளிக்கூட ஹாலில், பெற்றோருக்கென்று போட்டிருந்த பெஞ்சில், என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். நாம் கோணிச் சாக்கு கட்டுவோம்.

இப்போதெல்லாம் படம் ஓடுகிறது, தெரியுமா? நம் மாஜிக் லாந்தர் போல, படம் வரைந்த கண்ணாடியை விளக்குக்கு முன்னால் செருகி எடுக்கிற வேலையே கிடையாது. ஒருவன் கைப்பிடியைத் தட்டிவிட்டால் போதும், குதிரைகள் ஓடுகின்றன, ராஜாக்கள் வண்டியிலிருந்து இறங்கிக் கையசைக்கிறார்கள். ஐரோப்பாவின் அரசுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள் வந்திருக்கின்றனவாம். ஒன்று பத்தே நிமிஷம். உன் கால் மணி நேரக் கணக்கைத் தோற்கடித்துவிட்டார்கள்.

“பன்னெண்டு கண்ணாடி, கால் மணி நேரம். அதுக்கு மேல போனா தலைய ஆட்டுவாங்க, கேக்க மாட்டாங்க” என்பாய். முதல் கண்ணாடி பிள்ளையார். அவர் வராமல் நம் ஜனம் எதையும் பார்க்காது. கடைசிக் கண்ணாடி நம்மை ஆள்கிற இங்கிலீஷ் சக்கரவர்த்தி. அவர் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், அதோடு கூட்டம் கலையும். “பிள்ளையாருக்கும் சக்கரவர்த்திக்கும் நடுவுல பத்து எடம் இருக்கு மாப்ளே, அதுக்குள்ள ஐரோப்பா பூராவயும் அடக்கணும்.” ஒருமுறை வொர்க்‌ஷாப் ஆள் ஒருவர் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டுகிறேன் என்று திரைக்குக் கட்டியிருந்த வேட்டியையே கொளுத்தப் பார்த்தார். நீ பாய்ந்து அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தாய்.

நீ பள்ளிக்கூட வாத்தியார், நான் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி. உன்னிடம் சரித்திரம் இருந்தது. என்னிடம் எங்கள் கிளப்பின் மாஜிக் லாந்தர் வைத்திருந்த அலமாரியின் சாவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் யாரிடமும் சொல்லாமல் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வருவேன். நீ திரைக்குப் பக்கத்தில் நின்று பேசுவாய், நான் இருட்டில் லாந்தருக்குப் பின்னால் நின்று கண்ணாடி மாற்றுவேன். இரண்டு வருஷம் அப்படி நடத்தினோம். உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு வருஷமும் நீ பேசியதில் பாதி என் காதில் விழவில்லை. எந்தக் கண்ணாடி தலைகீழ், எது சூடேறிவிட்டது என்பதிலேயே என் புத்தி இருக்கும்.

அந்தப் பதினோராவது கண்ணாடி மட்டும் நீ உன் கையால் வரைந்தது. விலைக்கு வாங்கிய கண்ணாடிகளில் பிரான்சு தேசத்து ராஜாவின் தலையை வெட்டுகிற படம் இருந்தது, அதற்குப் பிறகு ஜனங்கள் கூடிச் சட்டம் எழுதிய சபை இல்லை. உனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! “வெட்டுறது பாடமில்ல மாப்ளே. வெட்டிட்டு மறுநா காலையில என்ன செஞ்சாங்கங்கிறதுதான் பாடம்.” பத்து நாள் உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால் ஒரு சபையையே வரைந்தாய். மூலையில் தலைப்பாகை கட்டிய ஒருவன் உட்கார்ந்திருந்தான். பிரான்சில் ஏதடா தலைப்பாகை என்று கேட்டேன். “நம்மாளுக்கும் ஒரு எடம் போட்டு வச்சேன், இருந்துட்டுப் போறான்” என்றாய்.

கிள்ளானுக்குப் போனது உன் ஆசை. ரப்பர்த் தோட்டத்து ஜனங்களுக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்று நச்சரித்தாய். ரயிலை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை போட்ட அந்தச் சங்கத்துக் கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்குள் பெட்டிக்குள் ஈரம் இறங்கிவிட்டது. ஈரமான கண்ணாடியை லாந்தரின் முதுகில் வைத்து, இளஞ்சூடு ஏற்றித் துடைத்த பிறகுதான் விளக்குக்கு முன்னால் செருக வேண்டும். இல்லாவிட்டால் தெறித்துவிடும். எனக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும். பத்துக் கண்ணாடிக்கு ஒழுங்காகச் செய்தேன்.

பத்தாவதில் ராஜாவின் தலை விழுந்தது. அப்போது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு நின்றபடி கேட்டாள்: “ஏங்க, ராசா இல்லாட்டி மழ பேயுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. “நல்லாக் கேட்டீங்கம்மா” என்றாய். “அவர வெட்டின வருசமும் பேஞ்சுச்சு. மழைக்கு யாரு தலையில கிரீடம் இருக்குன்னு தெரியாது. ஆனா வயலுக்குத் தண்ணிய யாரு தெறந்து விடுறது, யாருக்கு எவ்வளவுன்னு ஒருத்தர் சொல்லணுமில்ல? அத யாரு சொல்றது? அதுக்குத்தான் அடுத்த படம்.”

அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் உன் பாடத்தைக் கேட்டேன். அந்தப் பெண்ணைப் போலவே வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். கேட்டுக்கொண்டே, ஈரத்தோடு கண்ணாடியைச் செருகிவிட்டேன்.

டிக் என்று ஒரு சத்தம். உன் சபை நடுவில் பிளந்தது. பதறி உருவினேன், திரை வெறும் வெள்ளையாக எரிந்தது. பின்வரிசையில் விசில் அடித்தார்கள். ஏதாவது ஒன்றைப் போட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. கை பெட்டிக்குள் போனது, அடுத்து இருந்ததை எடுத்துச் செருகியது.

வெட்டுண்ட தலைக்கு அடுத்தபடியாகச் சக்கரவர்த்தி சிரித்துக்கொண்டு நின்றார்.

வழக்கப்படி பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மீதிப் பேர் திருதிருவென்று விழித்தார்கள். நடுவிலிருந்து ஒருவன் உரக்கக் கேட்டான், “அடுத்தது இவருதானா?”

கொட்டகையே குலுங்கியது. நீயும் சிரித்துவிட்டாய். சிரிப்பை அடக்கத் தெரியாதவன் நீ. கடைசி வரிசையில் கோட்டுப் போட்ட ஓர் ஆள் மட்டும் சிரிக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். உடைந்த கண்ணாடி அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

அந்தக் கோட்டுக்காரன் புகார் எழுதியிருக்க வேண்டும், சக்கரவர்த்தியை அவமதித்தாய் என்று சர்க்கார் விசாரணைக்கு உன்னை முதலில் கூப்பிட்டார்கள். “லாந்தர் நான் இரவல் வாங்கியது, படம் போட்டதும் நான்தான்” என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டாய். என் பெயர் வந்தால் கிளப் பெட்டியைத் திருட்டுத்தனமாக எடுத்த கதை வெளியே வரும், வேலை போகும், குவாட்டர்ஸ் போகும், என் மனைவிக்கு அது ஒன்பதாம் மாசம். எல்லாம் உனக்குத் தெரியும். என்னைப் படம் பார்த்த சாட்சிகளில் ஒருவனாகத்தான் உள்ளே அழைத்தார்கள். நீ சன்னலோரம் நின்றிருந்தாய்.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. உன்னை விட்டுவிட அவர் வழி தேடிக்கொண்டிருந்தார். “நீங்கள் அங்கே இருந்தீர்களே, இவர் வேண்டுமென்றே அந்தப் படத்தை அடுத்து வைத்தாரா? இல்லை, ஏதாவது தவறு நேர்ந்ததா?” என்று கேட்டார். இரண்டு முறை கேட்டார். பையிலிருந்து அந்த இரண்டு துண்டுகளை எடுத்து மேசையில் வைத்திருந்தால் போதும். அன்றைக்கும் பையில்தான் இருந்தன. கையை உள்ளே விட்டேன். விரல் கிழிந்தது.

“தெரியாது, சார்” என்றேன்.

நீ சன்னலுக்கு வெளியே பார்த்தாய். அதன் பிறகு எல்லாம் மளமளவென்று முடிந்தது. பள்ளிக்கூடம் உன்னை நீக்கியது. அடுத்த கப்பலில் இந்த நாட்டை விட்டு ஊருக்கே திரும்பிப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. துறைமுகத்துக்கு வழியனுப்ப வந்தது நான் ஒருவன்தான், நான் வராமலிருந்திருந்தால் உனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என்னை மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வந்தேன். நீதான் பேசினாய், ஏதோ மறந்ததை ஞாபகப்படுத்துகிறவன் போல: “அந்தக் கண்ணாடியத் தூக்கிப் போட்ராத மாப்ளே. நான் வரைஞ்சதுலயே அது ஒண்ணுதான் உருப்படி.”

ஆக, உனக்குத் தெரிந்திருந்தது. அந்த அறையில் நிற்கும்போதே, என் பையில் அது இருப்பது உனக்குத் தெரிந்திருந்தது.

மறு வருஷம் ஊரிலிருந்து உன் தங்கையின் கார்டு ஒன்று வந்தது. மூலையில் சாவுச் சேதிக்குத் தடவுகிற கறுப்பு மை தடவியிருந்தது. படிக்காமலே புரிந்தது. காய்ச்சல் என்று எழுதியிருந்தாள். எந்தப் பள்ளிக்கூடமும் உன்னை வேலைக்குச் சேர்க்கவில்லை என்றும் அதே வரியில் எழுதியிருந்தாள். அவளுக்குப் பதில் போட நாலு முறை உட்கார்ந்தேன். என்னவென்று எழுத? அண்ணனைக் கொன்றவன் நலம், நலமறிய ஆவல் என்றா? காலம் ஆற்றும் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஆறவில்லை. ஒன்பது வருஷமாக அதே கிராணி, அதே குவாட்டர்ஸ். எதைக் காப்பாற்றினேனோ அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலைப் படத்தில் பிரான்சு வந்தது. ராஜா வண்டியில் போனார், பறை அடித்தார்கள், கூட்டம் கத்தியது. அடுத்து ஒரே தாவலாக, குதிரைமேல் ஒரு புதுச் சக்கரவர்த்தி. நடுவில் ஒன்றுமில்லை. கடைசியில் நம் சக்கரவர்த்தி வந்தார், எல்லோரும் எழுந்தார்கள். முதலில் எழுந்தவன் நான்.

வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்கு வயிற்றில் இருந்தவள்தான்.

“அப்பா, அந்த ராஜாவ வெட்டுனாங்கல்ல, மறுநா யாருப்பா நாட்டப் பாத்துக்கிட்டது? படத்துல காட்டவே இல்லையே.”

உன் கேள்வி. வார்த்தைகூட ஏறக்குறைய உன்னுடையது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையோ. பக்கத்தில் அவளுடைய புது வாத்தியார் நின்றிருந்தார். ரயில்வே ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கோட்டுப் போட்ட யாரோ ஒருவர் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

“தெரியாதும்மா” என்றேன்.

அவள் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து, இரண்டு துண்டுகளையும் மேசைமேல் சேர்த்து வைத்துப் பார்த்தேன். விரிசல் சபையின் நடுவே போகிறது. மூலையில் தலைப்பாகைக்காரன் முழுசாக இருக்கிறான், இன்னும் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த அறையில் அவள் வாய்விட்டுப் பாடம் படிக்கிறாள். பத்தடி தூரம்கூட இல்லை. கூப்பிட வாய் எடுத்தேன். துணியைச் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

தூக்கிப் போடாதே என்றாய், தூக்கிப் போடவில்லை. உனக்காக நான் செய்தது அவ்வளவுதான்.