அயோடின் 131

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மணலிப் பக்கத்து ஆலைக் காற்று, மூக்கெரிச்சல். நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தேன். மாடி அறை எனக்கு. தட்டு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் தனி. மகள் கயலைத் தூக்கக் கூடாது, பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது. அவளுக்கு இரண்டரை வயது, இதெல்லாம் புரியுமா. அடுத்த புதன் பரிசோதனை, அதுவரை இப்படித்தான்.

ப்ளஸ் ஒன்னுக்கு வருஷா வருஷம் நான் நடத்தும் கெமிஸ்ட்ரி பாடம். ஐசோடோப்பு: புரோட்டான் அதே, நியூட்ரான் மட்டும் வேறு. உப்பில் இருப்பது அயோடின் 127, நான் மாத்திரையாக விழுங்கியது 131. தைராய்டுக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் இழுத்துக்கொள்ளும். ஆபரேஷனில் எடுத்தது போக மிச்சமிருக்கும் கட்டியை இது உள்ளேயிருந்தே எரிக்கும். கொஞ்சம் கதிர் வெளியிலும் வருமாம், அது குழந்தைக்கு ஆகாது.

கயலின் அப்பா விசைப்படகில், கடலில். போன் போகவில்லை.

மார்ச் 5, புதன்

கயல் கீழே அண்ணியிடம். அண்ணி அவருடைய அக்கா, காசிமேட்டில் மீன் விற்கிறார். எனக்காக வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார். சோற்றை வைக்க வந்தவர் கதவில் வேப்பிலை செருகினார்.

"அண்ணி, இது அம்மை இல்ல."

"கொயந்தைய கிட்ட வுடக்கூடாதுன்னா அப்பால இன்னாவாம்? நீ கம்முனு படு டீச்சரு."

சிரிப்பு வந்தது. விளக்கத் தெம்பில்லை, விட்டுவிட்டேன். வேப்பிலையைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அக்காகூட எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

கணக்குப் போட்டேன். விழுங்கிய மருந்து ஒரு மோலில், அதாவது 131 கிராமில், பத்துக் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. எடை கண்ணுக்கே தெரியாது. ஆனால் அணுக்களாக எண்ணினால் கோடி கோடியாக. எட்டு நாளில் பாதி தானாகச் சிதையும், மீதியில் நிறைய மூத்திரத்தில் போகும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறேன்.

கீழே அழுகை. "உங்கம்மா கடைக்குப் போய்கீது" என்கிறார் அண்ணி. தலைக்கு மேலேதான் இருக்கிறேன். குழந்தையை முகர்ந்து பார்க்கவேண்டும் போலிருக்கிறது. வேறு ஒன்றும் வேண்டாம்.

மார்ச் 7, வெள்ளி

அண்ணி வாசலில் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்தார். மஞ்சள், வேப்பிலை, வெயிலில் காய்ந்த சூடு. "தலைக்கு ஊத்திக்கோ." குளித்தால் நல்லதுதானே என்று ஊற்றிக்கொண்டேன். அம்மைக்குத் தண்ணீர் ஊற்றினால் விலக்கு முடிந்தது என்று அர்த்தம், அது எனக்குத் தோன்றவே இல்லை.

தலை துவட்டும்போது அண்ணி கதவைத் திறந்தார். "தண்ணி ஊத்தியாச்சி. போ, அம்மாகிட்ட போ." கயல் ஓடி வந்தாள். கத்தினேன், நிற்கவில்லை. தோளைப் பிடித்துத் தள்ளினேன். பொத்தென்று உட்கார்ந்தாள். அழாமல் என் முகத்தையே பார்த்தாள்.

"பெத்த கொயந்தைய தள்றியே, நீயெல்லாம் இன்னா மன்சி?"

"தண்ணி ஊத்துனா போவாது அண்ணி. உள்ள இருக்கிற அணு தானா அழியணும், அதுக்கு நாளாகும்."

அண்ணி கயலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? கொயந்தைக்கு ஏதானா ஆயிடுமா?"

ஒரு நொடிதானே, ஒன்றும் ஆகாது என்றேன். உண்மைதான். இருந்தாலும் கயலைத் தூக்கிக்கொண்டு அப்படியே இறங்கிவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணி மேலே வருவதில்லை, சோறு இப்போது மாடிப்படியின் கடைசிப் படியில். கயல் அழும் சத்தம் நின்றுவிட்டது, விளையாடுகிறாள் போல. நல்லதுதானே.

டியூஷன் பையன் மெசேஜ்: "மிஸ், மோல் சுத்தமா புரில." டஜன் மாதிரி ஒரு எண்ணிக்கைதான்டா, ரொம்பப் பெரியது என்று எழுதினேன். தம்ஸ் அப் போட்டான். இன்றைக்கு என்னோடு பேசியது அவன் மட்டும்தான்.

மார்ச் 12, புதன்

ஆஸ்பத்திரியில் கழுத்துக்கு நேரே கருவி பிடித்துப் பார்த்தார்கள். "கொழந்தைய தாராளமா தூக்கலாம்மா." ஆட்டோ முழுக்க அழுகை. டிரைவர் ரேடியோவை அணைத்தார்.

கயல் கூடத்தில், அண்ணி மடியில். கையை நீட்டினேன். மடியிலிருந்து இறங்கினாள். வருகிறாள் என்றுதான் நினைத்தேன். போய்ச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள், நான் மாடிக்குப் போக வழி விட்டு.