பூசைக்கு வைத்த புத்தகங்கள்

சிவமயம்
சிங்கப்பூர், சிராங்கூன் ரோடு
சாதாரண வருடம் (1910) ஐப்பசி 12ம் திகதி

என் அன்பு மகன் பசுபதிக்கு அம்மா எழுதுவது. அம்பாள் கிருபையால் உன் ஐயா, தங்கச்சி யோகம், நான் மூவரும் காய்ச்சல் தலையிடி இன்றி இருக்கிறோம், நீ இருக்கும் தைப்பிங்கில் மழை விடுவதே இல்லையாம், காலில் நனைந்த சப்பாத்தோடு கந்தோரில் உட்கார்ந்து வேலை பார்க்காதே, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. இதை நான் சொல்லவில்லை, உன் தங்கச்சியின் சுகாதாரப் பாடம் சொல்கிறது.

அவளுடைய பரீட்சைச் சங்கதியை எழுதத்தான் உட்கார்ந்தேன். பிள்ளைக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது, ஆறாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறினாலும் பள்ளிக்கூடம் நிற்பாட்டுவேன் என்று ஐயா தையிலேயே சொல்லி வைத்தது உனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் அவள் தினமும் நான் சமைக்கும்போது அடுப்படியில் குந்தியிருந்து அன்றைய பாடத்தை எனக்குத் தமிழில் ஒப்புவிப்பாள். நான் பள்ளிக்கூடப் படி மிதியாதவள், உன் பழைய சிலேட்டில் எழுத்துப் பழகியவள், ஆனாலும் இந்த வருடம் பின்னக் கணக்கு, மழைக்காற்று திசை மாறுகிற காரணம், இங்கிலாந்து ராசாக்களில் யாருக்குப் பின் யார், நுளம்பு கடித்துக் காய்ச்சல் பரவுகிற விதம் எல்லாம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டேன்.

இப்படியிருக்க, சரஸ்வதி பூசையன்று அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் வீட்டில் விட்டுப்போன புத்தகம், கொப்பி, தேசப்படம் ஒன்று விடாமல் எடுத்துச் சந்தனம் வைத்து, என் வீட்டுக் கணக்குக் கொப்பியையும் மேலே வைத்துப் பட்டுத்துணியால் கட்டி அம்பாள் முன் வைத்துவிட்டேன். மறுநாள் விஜயதசமி, பத்து மணிக்குத்தான் எடுக்க நல்ல நேரம். பின்னேரம் யோகம் ஓடி வந்தாள். அம்மா, என்ன செய்து போட்டியள், பரீட்சை எடுக்க வாற கிழமை வாற இன்ஸ்பெக்டர் துரை நாளைக்கு எட்டு மணிக்கே வாறாராம், நான் எதைப் பார்த்துப் படிக்கிறது என்று கத்தினாள். வைத்ததை எடுக்க எனக்குக் கை வரவில்லை தம்பி. பக்கத்து வீட்டு அல்போன்சம்மாள் வேலிக்கு அங்கால நின்று, எங்க சாமி புத்தகத்தப் பிடிச்சு வச்சுக்காதுக்கா, எம்பொண்ணு போன வருசம் படிச்சதத் தர்றேன், வாங்கிக்குங்க என்று சிரித்தாள். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். அந்த நாளில் யாருடைய புத்தகமானாலும் விரிப்பதற்கு எனக்கு மனமில்லை. பிள்ளையின் படிப்பை என் பக்தியே கெடுத்துவிட்டதோ என்று அம்பாளையே கேட்டேன்.

பிறகுதான் யோசித்தேன், வாசிக்கத்தானே கூடாது, வாயால் சொல்லலாம். பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டே தை மாதப் பாடத்திலிருந்து நான் கேட்கக் கேட்க அவள் சொன்னாள், அவள் தடுமாறின இடத்தில் எனக்கு நினைவு வந்தது. தேசப்படத்துக்கு என்ன செய்வது என்றபோது அவளே சுளகில் பரவியிருந்த மாவில் விரலால் மலாய் நாட்டைக் கீறினாள், நான் தைப்பிங் இருக்கும் இடத்தில் ஒரு கடலையை வைத்து, இதுதான் அண்ணை என்றேன். சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்த ஐயா, மாவுக்குள்ளை கீறினால் அது எழுத்தில்லையோ என்று நக்கலடித்தார். மா சாப்பாடு, புத்தகமில்லை என்றேன். சற்று நேரத்தில் தானே எழும்பி வந்து, உந்தப் பேராக் ஆறு பிழை, தைப்பிங்குக்கு மேற்காலை ஓடுது, நான் கண்ணாலை கண்டனான் என்றார். யோகம் பயப்படாமல், இல்லை ஐயா, நீங்கள் அண்ணையிட்டைப் போன ரயில் ஆத்தைக் கடந்த பிறகுதானே தைப்பிங் வந்தது, ஆறு கிழக்காலை என்றாள். ஐயா சுளகைப் பார்த்தார், ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார். காலையில் தானே ரிக்‌ஷா பிடித்து அவளைக் கூட்டிப்போனார்.

நேற்று முடிவு வந்தது. கணக்கு, பூகோளம், சரித்திரம், இங்கிலீஷ், சுகாதாரம் எல்லாம் தேறிவிட்டாள். தையலில் தவறிவிட்டாள். பொத்தான் துளை கோணலாம். என்னிடம் கேட்டுப் பழகியிருக்க வேண்டிய ஒரே பாடம் அது, அதைத்தான் நாங்கள் இருவரும் மறந்துபோனோம். யோகம் கடுதாசியை ஐயாவிடம் கொடுத்துவிட்டுக் கதவோடு ஒட்டி நின்றாள், எனக்கு வாயில் தேவாரம்கூட வரவில்லை. ஐயா இரண்டு தரம் வாசித்தார். தையலை வீட்டிலை தாய் படிப்பிக்கட்டும், மற்றதைப் பள்ளிக்கூடம் படிப்பிக்கட்டும், தை பிறக்க ஏழாம் வகுப்பு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அன்றே கோயிலுக்குப் போய் நூற்றெட்டு முறை சுற்றினேன், கால் நோகிறது, மனம் நிறைந்திருக்கிறது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, திருநீறு பூசாமல் வெளியே இறங்காதே. அம்பாள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். ஒன்று மறவாதே, உன் ஏழாம் வகுப்புப் பூகோளப் புத்தகம் உன் பெட்டியில் கிடக்கும், அதைத் தபாலில் அனுப்பு. யோகத்துக்குப் பள்ளிக்கூடத்தில் புதிது கிடைக்கும். நான் கேட்பது எனக்கு.

இப்படிக்கு,
உன் நலமே நாடும் அம்மா
பூரணம்