முப்பது பாக்கெட்டுகளின் எடை

அன்புள்ள பட்டாணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அவரவர் வலிகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சொல்வதற்கு ஒரு வலியும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்காகக் கடிதம் எழுதுகிறான் என்று நீ யோசிப்பாய். போனில் சொல்ல இந்த வாரம் நாலு தடவை வாயைத் திறந்தேன், நாலு தடவையும் சாப்பிட்டாயா என்றுதான் வந்தது. போன வாரம் சமையலறைக் குழாய் கழன்று வீடெல்லாம் தண்ணீர், பிளம்பர் வந்து சேர்வதற்குள் உன் அம்மா குழாயையும் என்னையும் மாற்றி மாற்றித் திட்டித் தீர்த்துவிட்டாள். அவளுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கட்டும் எடுத்தாயிற்று, இப்போது மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்தே தெருவில் போகிறவரின் சட்டையில் ஒரு பொத்தான் குறைகிறது என்கிறாள். என் முகத்தையும் பல வருஷத்துக்கு அப்புறம் தெளிவாகப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுருக்கம் எப்போ வந்துச்சு, சொல்லவே இல்லையே என்று கேட்டாள். மேல்மாடித் தையற்காரர் உன்னை விசாரித்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, ஆனால் உயரம் மட்டும் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை.

இன்னொரு செய்தி, சிரிக்காமல் படி. உன் அப்பா பரீட்சைக்குப் படிக்கிறேன். தொழிற்சாலையில் எடை சோதிக்கும் மேஜைக்கு ஓர் ஆள் எடுக்கிறார்கள், உட்கார்ந்து செய்கிற வேலை. முப்பத்தோரு வருஷமாக அந்தச் சோப்புத்தூள் நிரப்பும் மெஷின் முன்னால் நின்று நின்று என் முட்டி இரண்டும் இப்போது மாடிப்படியில் எனக்கு முன்னால் சத்தம் போட்டுக்கொண்டு போகின்றன. தேறினால் கடைசி மூன்று வருஷம் நாற்காலி, தேறாவிட்டால் நின்றேதான் ஓய்வு பெற வேண்டும். பரீட்சை வருகிற வியாழக்கிழமை, அதுவும் என்ன பாடம் தெரியுமா, புள்ளியியல். சராசரி, இடைநிலை, முகடு, வீச்சு, திட்ட விலக்கம் எல்லாம் கேட்பார்களாம், அப்புறம் ஒரு செய்முறையும் உண்டாம். உன் அம்மாவிடம் சொன்னேன், முதலில் சிரித்து முடித்தாள், அப்புறம் ஸ்டூலைப் போட்டு ஏறி அலமாரி மேலிருந்து உன் அட்டைப்பெட்டியை இறக்கிக் கொடுத்தாள். நீ பன்னிரண்டாம் வகுப்பில் எழுதிய நோட்டுகள் ஒன்றுகூடத் தொலையவில்லை. அவற்றிலிருந்த நீல அட்டைப் புள்ளியியல் நோட்டுதான் பத்து நாளாக என் பாடப்புத்தகம். காலை ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, உன் பழைய கால்குலேட்டரில் ஒரு தட்டுக்கு மசியாத ஏழாம் எண் பொத்தானை இரண்டு முறை அழுத்தி அழுத்திக் கணக்குப் போடுகிறேன்.

உன் கையெழுத்தில் படிக்கிறபோது பாடம் எங்கே மனதில் நிற்கிறது, நீதான் எதிரில் வந்து நிற்கிறாய். இதே சமையலறை மேஜையில், நாற்காலிக் கம்பியில் இரண்டு காலையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, எனக்குப் பாடம் சொல்வாய். எனக்கு எதுக்கும்மா இது என்று கேட்டால், படிச்சதைச் சொல்லிப் பார்க்க ஒரு ஆள் வேணும்ப்பா, சுவத்தைவிட நீங்க மேல், தலையையாவது ஆட்டுறீங்க என்பாய். முகடு என்றால் அதிக முறை வருவது என்று புரியவைக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உன் அம்மா சொல்கிற வாக்கியங்களைக் கோடு கோடாகப் போட்டு எண்ணினாயே, நினைவிருக்கிறதா? விளக்கை அணை பதினாலு, கதவைச் சாத்து இருபத்துமூன்று. முகடு கண்டுபிடிச்சாச்சு என்று நீ துள்ளியதும், என்னையா உக்காந்து எண்ணிட்டிருந்த என்று அவள் துடைக்கும் துணியை உன் மேல் வீசிவிட்டு, போ, போய்ப் படி, கதவைச் சாத்து என்றாள். நீ கொஞ்சமும் பயப்படாமல் இன்னொரு கோடு போட்டாய். அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது, இருபத்துநாலாவது கோடு மட்டும் சிரித்துக்கொண்டே போட்டதால் கோணலாக.

இடைநிலைக்காக நம் மாடிப்படியில் ஏழு பேரை உயரவாரியாக நிற்க வைத்தாய். தையற்காரர்தான் நெட்டை, கடைசிப்படி அவருக்கு, நான் சரியாக நடுவில். இந்தத் தையற்காரர் இடத்துல ஒரு ஒட்டகச்சிவிங்கியே வந்து நின்னாலும் நடுவுல எங்கப்பாதான், சராசரிதான் பதறும், இடைநிலை பதறாது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே பெருமை. அன்று மாலை நல்ல மழை. வேலை முடிந்து நனைந்து வருகிற நாட்களில் சட்டைக் காலரில் ஒட்டிய தூளெல்லாம் நுரைத்துக்கொண்டு வருமே, அதை நீ விரலால் வழித்து ஊதி, எங்கப்பா துவைச்ச துணியில்ல, துவைக்கிற துணி என்று சொல்வாய். இப்போதும் மழை பெய்தால் நுரை வருகிறது, ஊதத்தான் ஆள் இல்லை. நீ பதினொன்றும் பன்னிரண்டும் படித்த அந்த இரண்டு வருஷம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல வருஷம் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தெரியவில்லை, அப்போது உன்னைச் சீக்கிரம் தூங்கு என்று விரட்டிக்கொண்டிருந்தேன்.

இதுவரை எழுதியதெல்லாம் நேரத்தைக் கடத்த எழுதியது, பட்டாணி. இனிமேல்தான் கடிதம். அந்த வருஷம் உனக்கு ஒரு செய்முறை கொடுத்தார்கள், ஏதாவது ஒரு பொருளில் முப்பது அளவுகள் எடுத்து வந்து திட்ட விலக்கம் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா, உங்க மெஷின்ல முப்பது பாக்கெட் நிறுத்து எழுதிட்டு வாங்க, ஐந்நூறு கிராம் பாக்கெட் என்று ஒரு தாளில் முப்பது கட்டம் போட்டுக் கொடுத்தாய். நானும் சாப்பாட்டு இடைவேளையில் தராசில் வைத்தேன். முதல் பாக்கெட்டே பன்னிரண்டு கிராம் குறைந்தது, அடுத்தது பதினொன்று கூட. ஈரமான நாளில் தூள் கட்டிப்பட்டு அப்படித்தான் விழும், தினம் பார்ப்பதுதான். ஆறு பாக்கெட் நிறுத்ததும் எனக்குக் கை ஓடவில்லை. இந்தக் கோணல் எண்களெல்லாம் உன் நோட்டில் ஏறி, உன் டீச்சர் பார்த்து, வகுப்பே பார்த்து, இதுதான் உங்கப்பா வேலை பார்க்கிற லட்சணமா என்று நினைப்பார்களே என்று வெட்கமாக இருந்தது. கூட்டிப் பார்த்தேன், ஆறுக்கும் சராசரி ஐந்நூறுதான் வந்தது. சராசரி சரியாக இருக்கிறதே, அப்புறம் என்ன என்று நினைத்துக்கொண்டு, அந்த ஆறையும் விட்டுவிட்டு, ஒரு கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து முப்பது கட்டத்தையும் நானே நிரப்பினேன். ஐந்நூறு, ஐந்நூற்றொன்று, நானூற்றுத் தொண்ணூற்றொன்பது, ருசிக்கு உப்புப் போடுகிற மாதிரி அங்கங்கே ஒரு நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. எண்கள் எவ்வளவு ஒழுங்காக இருக்கின்றனவோ அவ்வளவு மார்க் வரும் என்று நிஜமாகவே நினைத்தேன் கண்ணு. பாக்கெட் நிரப்புகிறவனுக்கு அதுதானே நல்ல வேலை.

அதோடு அதை மறந்தும் போனேன். நீ மார்க் நல்லாத்தான் போட்டிருக்காங்கப்பா என்றாய், எனக்கு அது போதுமாக இருந்தது. போன புதன்கிழமை திட்ட விலக்கம் படிக்க உன் நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். என் முப்பது எண்களும் உன் அழகான கையெழுத்தில் வரிசையாக, விடை ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். கீழே சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருக்கிறார், எந்த மெஷினும் இவ்வளவு சீராக நிரப்பாது, இவை நிறுத்த எண்களா, நினைத்த எண்களா என்று. அதற்குக் கீழே பென்சிலில் நீ, நிறுத்த எண்கள்தான் டீச்சர், என் அப்பா எடுத்தது, என் அப்பா பொய் எழுத மாட்டார். அதற்குக் கீழே மறுபடியும் சிவப்பு, அப்படியானால் நாளை அப்பாவை அழைத்து வா. அப்புறம் இரண்டு நாள் தள்ளி ஒரு தேதி, இருபதுக்கு ஆறு. நான் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை, உன் அம்மா வந்து கணக்கு அவ்வளவு கஷ்டமா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். நீ என்னை அழைக்கவே இல்லையே. ஏன் அழைக்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை சட்டையை மாற்றிக்கொண்டு நோட்டை எடுத்துக்கொண்டு உன் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுத் தபால் நிலையத்துப் பின்தெருவில்தான் இருக்கிறார். கதவைத் திறந்து யாருங்க என்றார். வரச் சொல்லியிருந்தீங்க டீச்சர், கொஞ்சம் தாமதமாயிடுச்சு என்றேன். பைத்தியமோ என்று பார்த்தார், பார்க்காமல் என்ன செய்வார். உட்கார வைத்து, நோட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார், படித்துவிட்டு உங்க பொண்ணா அது என்றார். இத்தனை வருஷம் பாடம் எடுத்தேன், கற்பனையா எண் எழுதாத பிள்ளை ஒண்ணுகூட இல்ல, ஆனா தானா வந்து ஒத்துக்கிட்டது உங்க பொண்ணு ஒருத்திதான் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரெண்டாம் நாள் காலையில மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே வந்து நின்னா, எங்கப்பா சரியாத்தான் நிறுத்துக் குடுத்தார் டீச்சர், நான்தான் அழகா இருக்கட்டும்னு மாத்திட்டேன், அவரைக் கூப்பிட வேண்டாம்னு சொன்னா என்றார். அதோடு விடவில்லை. பரீட்சை முடிஞ்சு புள்ளியியல் படிக்க என்கிட்ட சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தா, அவ்வளவு நல்லா வரும் அவளுக்கு, ஆனா எண்ணை மாத்துறவளுக்கு நான் எப்படித் தர்றதுன்னு மாட்டேன்னுட்டேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம போயிட்டா என்றார்.

மாத்தினது அவ இல்ல டீச்சர், நான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நானும் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கணும் என்றார். அப்புறம் வாசல்வரை வந்து, இதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, அவகிட்ட சொல்லுங்க என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ மருந்துப் படிப்பில் சேர்ந்தபோது ஏன்டா, எண்ணுன்னா உயிரை விடுவியே என்று கேட்டேன். எண்ணை வெச்சுக்கிட்டு என்னப்பா பண்றது, மருந்துன்னா நாலு பேருக்கு உதவும் என்று சிரித்தாய், நானும் பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இன்று நீ மருந்துக்கடையில் நல்ல பெயரோடு இருக்கிறாய், அது உன் சாமர்த்தியம், அதைக் காட்டி நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் போவதில்லை. ஆசைப்பட்ட படிப்பை என் வெட்கத்துக்காக நீ விட்டாய், விட்டதை எனக்குச் சொல்லாமலும் விட்டாய். போன வாரம் பழக்கத்துக்காக அதே மெஷினில் மறுபடியும் ஆறு பாக்கெட் நிறுத்தேன். 492, 503, 488, 509, 497, 511. இதற்கும் சராசரி ஐந்நூறுதான், திட்ட விலக்கம் எட்டுக்கு மேல். சராசரியை வைத்துக்கொண்டு நான் எதை மறைத்தேன் என்பது இந்த வயதில், உன் நோட்டைப் படித்துத்தான் எனக்குப் புரிந்தது. மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடு கண்ணு. அம்மாவுக்கு நேற்றுச் சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பரீட்சை பற்றிக் கவலைப்படாதே, வந்தால் நாற்காலி, வராவிட்டால் முட்டிக்கு ஒரு உறை வாங்கி மாட்டிக்கொள்கிறேன். அங்கே குளிர் என்று சொன்னாய், காதை மூடிக்கொண்டு போ, கடையில் நின்றே வேலை பார்க்காமல் இடையில் கொஞ்சம் உட்கார், முட்டி விஷயத்தில் என்னைப் போல இருக்காதே. மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல், குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனசில் ஒன்றையும் அடக்கி வைக்காமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

மறக்காமல் பதில் போடு. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். என் அப்பா பொய் எழுத மாட்டார் என்று எழுதினாயே, அதற்கும் நீ போய் டீச்சர் முன்னால் நின்றதற்கும் நடுவில் ஒரு நாள் இருக்கிறது. அந்த ஒரு நாளில் உனக்குத் தெரிந்துவிட்டதா, இல்லை இன்றுவரை என்னை நம்பிக்கொண்டிருந்தாயா? எதுவாக இருந்தாலும் உள்ளபடி எழுது. எனக்காக அழகாக மாற்றி எழுதாதே.

உன்,
அப்பா