அட்டைப்படத்து மாப்பிள்ளையின் சட்டைப் பை

போன வாரம் மகள் தர்ஷினி கொழும்பிலிருந்து வந்து பையைத் திறந்ததும் தோட்டத்து லய வரிசையில் நம் ஒற்றை அறைக் காம்பரா முழுக்க ஷாம்பு வாசம். தலைக்குக் குளித்த யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவள் வேலை பார்க்கிற பெண்கள் வார இதழ்தான். அட்டையில் ஒட்டியிருந்த இலவச ஷாம்பு பைக்கட் பஸ் நெரிசலில் வெடித்து, கோலப் பக்கத்திலிருந்து ராசிபலன் வரை நனைத்திருந்தது. நீ இருந்திருந்தால் பக்கம் பக்கமாகப் பிரித்து அடுப்புக்கு மேலே கயிற்றில் காயப் போட்டிருப்பாய். நான் அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். வாசம் இன்னும் போகவில்லை. அதோடு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கலியாணத்துக்கு முன்பே எழுதியிருக்கலாம். பக்கத்து லயத்தில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம், கொஞ்சம் பலமாக இருமினாலே போதுமே என்று விட்டுவிட்டேன். சாதாரண தரப் பரீட்சையில் நான் பாஸானது தமிழில் மட்டும்தான் என்பது உனக்குத் தெரியும். அந்த ஒரு பாஸை நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். சுற்றி வளைக்கத் தெரியாது. சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த மயில் உன் தப்பு இல்லை.

சனிக்கிழமைகளில் லிந்துலை டவுனுக்குப் போவோமே, ஞாபகம் இருக்கும். சாமான் வாங்கி முடித்ததும் நானாவின் பத்திரிகைக் கடை வாசலில் உன் கால் தானாக நின்றுவிடும். துணி காயப் போடுகிற கிளிப்பில் வரிசையாகத் தொங்கும் வார இதழ்கள். எல்லா அட்டையிலும் ஒரு பெண், எல்லாப் பெண்ணும் நேராக உன்னையே பார்ப்பாள்.

"என்னாங்க, இவ நம்மளயே பாக்கிறா பாருங்க."

"நம்மள இல்ல, ஒன் கையில இருக்கிற பேர்ஸைப் பாக்கிறா."

நானா உள்ளிருந்து சிரிப்பார். "தங்கச்சி, அட்டையிலயே முழு புக்கையும் படிச்சிருவீங்க போல. உள்ளயும் கொஞ்சம் எழுதியிருக்காங்க, எடுத்துட்டுப் போங்களேன்."

உள்ளே என்ன எழுதியிருந்தார்கள் என்பதை நானும் அறிவேன். நீ தையலில் இருக்கும்போது நானும் திருட்டுத்தனமாகப் படித்தவன்தான். அட்டையில் பெரிய மஞ்சள் எழுத்தில் 'முகப்பரு மறைய எளிய வழி' என்று இருக்கும், எத்தனையாவது பக்கம் என்று இருக்காது. அதைத் தேடிப் போனால் வழியில் தொடர்கதை பிடித்துக்கொள்ளும். தொடர்கதையில் யாரோ கதவைத் தட்டுவார்கள், யார் என்று அடுத்த வாரம்தான் தெரியும். அப்புறம் நகைக்கடை விளம்பரம், கத்தரிக்காய்க் குழம்பு, மாமியார் பற்றி ஒருத்தி எழுதிய அந்தரங்கக் கேள்வி. கடைசியில் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் முகப்பரு கிடைத்தது. 'நிறையத் தண்ணீர் குடிக்கவும்.'

"இதுக்கா என்ன முழு புக்கையும் பொரட்ட வச்சாங்க?" என்று நீ கத்தினாய். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் நானா கடை வாசலில் நின்றாய்.

நம் வீட்டில் படித்து முடித்ததும் புத்தகம் லயம் முழுக்கச் சுற்றும். ஷாம்பு பைக்கட் முதல் வீட்டிலேயே காணாமல் போகும். கோலம் ஒரு வீட்டில் தங்கும், குழம்பு இன்னொரு வீட்டில். திரும்பி வரும்போது ராசிபலனும் விளம்பரமும் மட்டும் மிச்சம். ஜாக்கெட் பக்கம் மட்டும் தப்பாமல் உன்னிடம் வந்து சேரும், கூடவே ஒரு துணியும்: "அக்கா, இதே மாதிரி கழுத்து." உன் மெஷினுக்கு வேலை கொடுத்தது அந்தப் பக்கங்கள்தான்.

பாக்கியம் அக்காவும் அப்படித்தான் வந்தாள். மேல் லயத்துப் பாக்கியம் அக்கா, மகள் ராதிகாவுக்குக் கலியாணம் வைத்திருந்தவள். கையில் ஒரு கலியாணச் சிறப்பிதழ். அட்டையில் மணப்பெண், கழுத்து நிறைய மாலை, கை தோட்டைத் தொட்டபடி. தோளில் மயிலின் தலை, அங்கிருந்து முழங்கை வரை ஜாக்கெட் கையில் வழிகிற தோகை. எல்லாம் மணி வேலை. இன்னொரு தோளின் மேல் 'இலவசம்' என்று ஒரு மஞ்சள் வட்டம்.

மயில் எந்தக் கையில் என்று பார்க்க நீ என்னைத்தான் எழுப்பி நிறுத்தினாய். பெக்டரியிலிருந்து தேயிலைத் தூசியோடு வந்து உட்கார்ந்தவனை.

"இந்தப் பொண்ணு மாதிரி நில்லுங்க. மூஞ்சியத் திருப்புங்க. கையத் தூக்குங்க, தோட்டத் தொடுற மாதிரி."

மீசையோடு நின்று இல்லாத தோட்டைத் தொட்டேன். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தர்ஷினி பாயில் உருண்டு சிரித்தாள். "அப்பா, கொஞ்சம் வெக்கப்படுங்க!"

நீ சிரிக்கவில்லை. அட்டையை என் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாய். என் இடது கை. "முந்தானை விழுற தோளாச்சே, மயிலு மறைஞ்சுருமே" என்று முணுமுணுத்துவிட்டு, அன்று மாலையே மேல் லயத்துக்கு ஏறிப்போய்க் கேட்டாய். பாக்கியம் அக்கா உன்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"புக்குல எப்படி இருக்கோ அப்படியே வேணும். ஒரு நூலு மாறக் கூடாது. படிச்சவங்க போட்டதுல நீ திருத்தம் சொல்றியா?"

திரும்பி வந்து, முந்தானையை ஒல்லியாக மடித்துக் குத்தினால் மயில் தெரியும் என்று உனக்கு நீயே சமாதானம் சொல்லிக்கொண்டாய். போட்டுப் பார்க்க வந்த ராதிகா பாவாடைக்கு மேலே போட்டுப் பார்த்தாள். கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டோடு வலப்பனையில் இருந்தது, தாலி கட்டுகிற நேரத்துக்குத்தான் வரும். பாவாடைக்கு மேலே மயில் உயிரோடு இருந்தது. லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது.

வந்த கூறையோ ஜரிகை போட்டு மெத்தை மாதிரி இருந்தது. ஒல்லியாக மடிக்கப் பார்த்தார்கள், மடியவில்லை. ராதிகா கோயில் மணவறைக்கு வந்தபோது மயிலின் தலையும் கழுத்தும் முந்தானைக்குள் போய், முழங்கையில் தோகை மட்டும் தொங்கியது. "என்னா அது, கையில விசிறி கட்டியிருக்கு?" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டாள். அந்த நேரம் பார்த்து மேளக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார். பாக்கியம் அக்காவின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது.

"எடது கை வலது கை தெரியாதவகிட்டக் குடுத்து எம்மகள நாசம் பண்ணிட்டேனே!"

நீ பாயாச வாளியோடு நின்றவள் அடுத்த வரிசைக்குப் பரிமாறப் போனாய். நான் எழுந்திருக்கவில்லை. இடது கையைக் காட்டி நின்றவனே நான்தான் என்று சொல்ல எழுந்தால், எப்படி நின்றேன் என்றும் காட்டச் சொல்வார்களே.

அதற்குப் பிறகு கலியாண ஜாக்கெட் எதையும் நீ வாங்கவில்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, திரைச்சீலை, ஓரம் அடிக்கிற வேலை. கேட்டு வந்தவர்களிடம், "கை வலிங்க" என்றாய். என்னிடம், "யூனிஃபோர்முக்கு எடது வலது கெடையாது, நிம்மதி" என்றாய். அந்த அட்டையை மட்டும் அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தாய், இனிமேல் பார்த்து நடக்கவேண்டும் என்று. கண்ணை மூடுகிற வரைக்கும் தினமும் புடவை எடுக்கும்போது அதைப் பார்த்தாய். இப்போது நான் இடுப்பில் கட்டச் சாரம் எடுக்கும்போது பார்க்கிறேன்.

இனி போன வாரக் கதை. தர்ஷினி அங்கே பக்கங்களை வடிவமைக்கிறாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, ஆசிரியர் மேடம் திருப்தியானால்தான். கலியாணச் சிறப்பிதழின் அட்டை இந்த முறை அவள் கையில். போனில் ஒரு மணப்பெண் படத்தைக் காட்டினாள். விரலால் ஒரு தட்டு தட்டினாள். வலப்பக்கம் பார்த்திருந்த பெண் இடப்பக்கம் பார்த்தாள்.

"என்னாம்மா செஞ்ச?"

"திருப்பிட்டேம்ப்பா. மொகம் வெளியப் பாத்தா வாசிக்கிறவங்க கண்ணும் வெளியப் போயிரும். தலைப்பு இருக்கிற பக்கம் பாக்கணும். எல்லாரும் செய்றதுதான்."

"கை மாறிப் போகுமே?"

"அத யாருப்பா பாக்கிறா?" என்றவள் பாதியில் நின்றாள். என்னைப் பார்த்தாள். எழுந்து போய் அலுமாரியைத் திறந்தாள். கதவில் ஒட்டியிருந்த அட்டைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள்.

"அப்பா, இந்த மாப்பிள்ளையப் பாருங்க."

"எந்த மாப்பிள்ளை?"

அத்தனை வருஷம் பார்த்த அட்டையில் ஒரு ஆண் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மணப்பெண்ணுக்குப் பின்னால், கலங்கலாக, பட்டுச் சட்டை போட்டு ஒருவன். பெண்கள் இதழின் அட்டையில் ஆண் என்பவன் திரைச்சீலைக்குச் சமம். நம் வீட்டிலும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

"எந்திரிச்சு அவர் மாதிரி நில்லுங்க" என்றாள். உன் மகள்தான். இந்த முறை மாப்பிள்ளை வேடம் என்பதால் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டு நின்றேன்.

"ஒங்க சட்டைப் பை எந்தப் பக்கம்?"

தொட்டுப் பார்த்தேன். நெஞ்சுக்கு இடப்பக்கம். எந்தச் சட்டைக்கும் அங்கேதானே.

"அவருக்கு?"

வலப்பக்கம்.

படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டிருக்கிறார்கள். மயில் நிஜத்தில் அந்தப் பெண்ணின் வலது தோளில் இருந்தது, முந்தானை படாத தோளில். மறு தோளில் விழுந்த முந்தானையை மாலையும் 'இலவசம்' வட்டமும் மறைத்துவிட்டன. நீ சந்தேகப்பட்டது சரி. நீ தைத்ததும் புத்தகத்தில் இருந்தது இருந்தபடிதான்.

தர்ஷினி வேலைக்குத் திரும்பிப் போய் மேடத்திடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். புதன்கிழமை எனக்குப் போன் எடுத்தாள். "அட்டை விக்கிறதுக்கு, தைக்கிறதுக்கு இல்லன்னுட்டாங்கப்பா. திருப்பித்தான் போட்டோம். ஆனா உள்ள ஜாக்கெட் பக்கத்துல படத்த எடுத்த மாதிரியே போட விட்டாங்க, முதுகுப் பக்கமும் சேத்து. முதுகுப் பக்கம் எப்படின்னு தெரியாமத்தானே அம்மா எப்பவும் கஷ்டப்படுவாங்க." குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. வேலை என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. செய்தது நல்லது என்று மட்டும் சொன்னேன்.

நேற்று மாலை அந்த அட்டையைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினேன். பாக்கியம் அக்காவுக்கு இப்போது முழங்கால் வலி, வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இந்த மாப்ளயக் கொஞ்சம் பாருங்க."

"இந்த வயசுல எனக்கெதுக்குய்யா மாப்ள?"

பையைக் காட்டினேன். விளக்கினேன். நான் விளக்கினால் எதுவும் இன்னும் குழம்பும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு விளங்கிவிட்டது. அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துப் பார்த்தாள்.

"போறதுக்கு முந்தி அவளுக்குத் தெரியுமா இது?"

"இல்லக்கா. எங்களுக்கே போன வாரந்தான் தெரிஞ்சுச்சு."

"அவ கேக்க வந்தா. நாந்தான் ஒரு நூலு மாறக் கூடாதுன்னேன்." அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "இத இங்கயே வச்சுட்டுப் போ தம்பி" என்றாள். வைத்துவிட்டு வந்தேன். அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று எதையோ எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் போலிருக்கிறது. ஒரு பிளேன்டீகூடக் கிடைக்கவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பல் விளக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். கீழே ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் பெண்கள் வரிசை. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு பாக்கியம் அக்கா படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் வாளி இல்லை, அட்டை இருந்தது.

"இங்க பாருங்கடி. இந்த மாப்ளைக்குப் பை எந்தப் பக்கம் இருக்கு?"

"யாரு பாட்டி இது, ஒங்க புது ஆளா?"

"வாய மூடுடி. பையப் பாரு."

"வலப்பக்கம்."

"ஆம்பளச் சட்டைக்கு அங்க பை வருமா?"

வராது என்றார்கள். "அப்ப புக்குக்காரன் படத்தத் திருப்பிப் போட்டிருக்கான். எம்மக கலியாணத்துல மயிலுத் தலை மறைஞ்சது தச்சவ தப்பு இல்ல. அன்னைக்கு ஊரு கேக்கப் பேசினேன். இன்னைக்கும் ஊரு கேக்கத்தான் பேசுறேன்."

அந்தப் பெண்களில் பாதிப் பேர் அந்தக் கலியாணத்தின்போது கைக்குழந்தைகள். "எந்த மயிலு?" என்று ஒருத்தி கேட்டாள். பாக்கியம் அக்கா கல்லில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். வாளிகள் நிரம்பி வழிந்தன, யாரும் நகர்த்தவில்லை. தான் பேசியதையும் மறைக்கவில்லை அவள், கோயிலில் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னாள். சொல்லிவிட்டு, யார் தைத்தது என்று உன் பெயரைச் சொன்னாள்.

என் வாயில் நுரை. துப்பாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். நீ போனதிலிருந்து உன் பெயர் எங்கும் கேட்பதில்லை. மகளுக்கு நீ அம்மா. லயத்தாருக்கு, தர்ஷினியோட அம்மா. நான் எந்தக் காலத்திலும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் இல்லை, "இந்தா" என்றே காலம் போய்விட்டது. இன்று காலை அந்தப் பெயர் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே, பள்ளத்து லயம் வரை கேட்கிற மாதிரி ஒலித்தது. காது சரியாகக் கேட்காத யாரோ, "யாரு, யாரு?" என்றார்கள். பாக்கியம் அக்கா மறுபடியும், முன்னைவிடச் சத்தமாக, உன் பெயரைச் சொன்னாள்.