நாலு எண்ணும் வரை

திருத்தணி
அக்டோபர் 21

அன்பு மகள் லோயிஸுக்கு நைனா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம், உன் அம்மா வலது முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற இடமெல்லாம் சுகம். அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை கதிரவனும் சுகமாக இருக்க வேண்டும் என்று விடிந்ததும் ஒரு தரம், படுக்கும்போது ஒரு தரம் கேட்டுக்கொள்கிறோம். உறையின் மேல் இருக்கும் இங்கிலீஷ் விலாசம் மட்டும் எங்கள் முதியோர் எழுத்து வகுப்பு டீச்சர் மோகனப்ரியா எழுதித் தந்தது. உள்ளே இருப்பது அத்தனையும் என் கை. அறுபத்தெட்டு வயதில் நைனா எழுதுகிறேன் அம்மாடி. ஒரு நாளைக்குப் பத்து வரி எழுதினால் விரல் மரத்துப்போகிறது, ஆனாலும் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்து எனக்கே சிரிப்பு வருகிறது, நான் நினைத்தது அப்படியே காகிதத்தில் உட்கார்ந்திருக்கிறதே என்று. பஸ்ஸில் போர்டு படிக்கிறேன், மாத்திரை அட்டையில் தமிழ் இருந்தால் அதையும் விடுவதில்லை. ரேஷன் கடையில் மட்டும் இன்னும் கட்டைவிரலைத்தான் கேட்கிறார்கள். எனக்குக் கையெழுத்துப் போட வரும் என்று சொன்னேன், மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது பெரியவரே என்று கடைக்காரர் சிரித்தார்.

இன்னொரு செய்தி, உன் அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். நான் டிரம்ஸ் வாசிக்கக் கற்றுக்கொள்கிறேன். ஈஸ்டருக்கு நம் சபையில் புதிய செட் வாங்கினார்கள், பழையது பின்னறையில் தூசி படிந்து கிடந்தது. ஆர்.கே.பேட்டை தறி ஷெட்டை விட்டு நான் நின்ற சமயம் அது. முப்பத்தைந்து வருடம் நாலு பவர்லூம் சத்தத்துக்கு நடுவில் நின்றவனுக்கு வீட்டில் பகல் பொழுது போகவே இல்லை. காதில் ஒன்றும் விழாவிட்டால் எது நின்றுபோனது என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். தாலுகா ஆபீஸ் ஜெபசிங்கை உனக்குத் தெரியும், நம் சபையில் கீபோர்டு வாசிப்பவர், அவரிடம் பழைய செட்டைக் கேட்டேன். தூக்கினு போ மாமா, எலி குடும்பம் நடத்தினுகீது, அதுங்களயும் சேத்து இட்டுனு போ என்றார். டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்து உன் அறையில், உன் கட்டிலுக்குப் பக்கத்தில் பரப்பினோம். காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம் ஒன்று, மடிக்கு எதிரே ஸ்நேர் என்று அடியில் கம்பி கட்டிய சின்ன டிரம், இடது காலால் மூடித் திறக்கிற ஜோடித் தட்டு, தலைக்கு மேல் ஒரு பெரிய தட்டு, இன்னும் இரண்டு குட்டி டிரம். தோல் தொய்ந்து போயிருந்தது. திருகுகளைச் சுற்றி வரிசையாக முடுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன், ஒரு பக்கமே இழுத்தால் மறுபக்கம் சுருங்கும் என்று தறியில் பாவு நூல் கட்டியவனுக்குத் தெரியாதா. ஜெபசிங் தட்டிப் பார்த்துவிட்டு, ஆங், பரவால்லியே என்றார். பெரிய டிரம்முக்குள் உன் பழைய தலையணையை வைத்துச் சத்தத்தை அடக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்படியும் எதிர் வீட்டுக் கெங்கம்மாள், மலையடிவாரத்தில் பூ விற்பவள், முதல் நாளே வாசலில் வந்து நின்று, இன்னா பெரியவரே, ஷெட்ட வுட்டு வந்துட்டீங்கன்னு சொன்னாங்க, ஷெட்டு உங்க பின்னாலயே வந்துடுச்சா என்று கேட்டாள். ஆடிக் கிருத்திகைக்குத் தெரு முழுக்கப் பம்பை அடித்துக்கொண்டு காவடி போனபோது நானும் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு ஆசை தீர அடித்தேன், அன்றைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கற்றுக்கொள்வது சுலபம் இல்லை. முதலில் உட்காரவே தெரியவில்லை. ஸ்டூல் தாழ இருந்தால் கால் தூக்க வரவில்லை, தொடை கொஞ்சம் சரிந்து இறங்குகிற உயரம் வேண்டும் என்று ஜெபசிங் நாலு தரம் ஏற்றி இறக்கினார். குச்சியை நான் ஸ்பானர் மாதிரி இறுக்கிப் பிடித்ததில் இரண்டு கையிலும் கொப்புளம். கோழிக்குஞ்சு மாதிரி புடி மாமா, வுட்டாலும் ஓடக் கூடாது, நசுக்கினாலும் செத்துடக் கூடாது என்றார். நாலு எண்ணுவதற்குள் வலது கை ஜோடித் தட்டில் எட்டு அடி, வலது கால் ஒன்றிலும் மூன்றிலும் பெரிய டிரம், இடது கை இரண்டிலும் நாலிலும் ஸ்நேர். இவ்வளவுதான் முதல் பாடம், இதற்கே ஒரு மாதம் ஆனது. கால் போனால் கையும் கூடவே போகும், கையை நிறுத்தினால் காலும் நிற்கும், மாட்டையும் வண்டியையும் தனித்தனியாக ஓட்டச் சொன்ன மாதிரி இருந்தது. வேகமாக அடித்துப் பார்த்துவிடலாம் என்று எனக்கு அவசரம். கல்லு காயறதுக்குள்ள மாவு ஊத்தாத என்று அதட்டி, வாய்விட்டு ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண்ணிக்கொண்டே நிதானமாக அடிக்க வைத்தார். ஒரு நாள் மத்தியானம் உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், எல்லாம் தானாகச் சேர்ந்துகொண்டது, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று நாலும் தன் வேலையைப் பார்த்தது. உன் அம்மா கீரையைப் பார்த்துக்கொண்டே, இப்ப தான் மனுசன் அடிக்கிற மாறி கீது என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத இன்னும் எழுத்துப் போதாது.

ஆனால் ஒரு தப்பு மட்டும் போகவே இல்லை. அறுப்பின் பண்டிகைக்கு ஒரு ஸ்தோத்திரப் பாட்டில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். அதில் ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்கு முன்னால் எல்லோரும் நாலு எண்ணிக்கை நிறுத்த வேண்டும், வாயும் வாசிப்பும் எதுவும் கிடையாது. அந்த இடம் வந்தால் நான் அடித்துவிடுவேன். வேண்டுமென்று இல்லை, கை தானாகப் போகும். ஷெட்டில் சத்தம் நின்றால் நூல் அறுந்தது என்று அர்த்தம். நின்ற அடுத்த மூச்சில் ஓடிப் போய் முடிச்சுப் போட்டுத் தறியை ஓட்டிவிட வேண்டும், முப்பத்தைந்து வருடம் அந்தக் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஒத்திகையில் பத்துத் தரமும் அடித்தேன். ஜெபசிங்குக்குப் பொறுமை போய்விட்டது. மாமா, பாட்டு ஒண்ணும் அறுந்து போவல, மூச்சு வாங்கினுகீது, உன்ன யாரு அங்க முடிச்சு போட கூப்ட்டது என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது சிரிப்பு வரவில்லை. மே மாதம் நான் செய்தது நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு நீ கூப்பிட்டிருந்தாய், உன் அம்மா போனைச் செம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. உன் பெண் குழந்தை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் வெளியே இருந்து வந்தவன், லைன் அறுந்துவிட்டது, இவள் கவனிக்காமல் இருக்கிறாள் என்று நினைத்துப் போனை எடுத்து அலோ அலோ என்று கத்தினேன். நீ, இருக்கிறேன் நைனா என்றாய். அதற்குப் பிறகு நான் நிறுத்தவே இல்லை. சாப்பிடு என்றேன், ஜெபம் பண்ணு என்றேன், உன் பெரியம்மாவுக்கும் முதலில் இப்படித்தான் ஆயிற்று என்றேன், அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் இருக்க இருக்க நான் இன்னும் வேகமாகப் பேசினேன். கொஞ்ச நேரம் சும்மா இரேன் நைனா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போன் வருகிறது, அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், என்னைக் கேட்பதில்லை. ஐந்து மாதமாக என்ன தப்பாகச் சொன்னோம் என்று ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிக்கொண்டிருந்தேன். தப்பு வார்த்தையில் இல்லை. அன்றைக்கு உனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. நான்தான் ஓடி வந்து முடிச்சுப் போட்டேன்.

போன ஞாயிறு பண்டிகை. முதல் சரணத்தில் ஒரு அடி விழுந்துவிட்டது. ஜெபசிங் கீபோர்டுக்கு மேலாக முறைத்தார். இரண்டாவதில் குச்சிகளைத் தொடைக்கு அடியில் செருகி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஒன்று, மேலே ஃபேன் சுற்றியது. இரண்டு, ரயில் பாதையில் கூட்ஸ் வண்டி போனது. மூன்று, பெண்கள் பக்கம் உன் அம்மா தொண்டையைச் செருமினாள், இருநூறு பேருக்கு நடுவில் அது அவள்தான் என்று தெரிந்தது. நாலு எண்ணி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து பல்லவியை எடுத்தார்கள், நான் குச்சியை இழுத்து எடுத்து அடித்தேன், சரியாக விழுந்தது. மூன்றாவது சரணத்தில் அந்த நிறுத்தம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், பல்லவி பாதி போய்விட்டது. நிக்க சொன்னா அடிக்கிற, அடிக்க சொன்னா நிக்கிற, உன்ன வச்சினு நான் இன்னாதான் மாமா பண்றது என்று ஜெபசிங் சாப்பாட்டுப் பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டார். கேட்டுவிட்டு என் இலையில் இன்னொரு துண்டு கறியும் வைத்தார்.

குழந்தையைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். மூன்று நாள் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் மே மாதம் பேசிய மாதிரியே இருந்தது, அழித்துவிட்டேன். வகுப்பில் வரி விட்டு எழுதினால் மோகனப்ரியா டீச்சர் திட்டும். இருந்தாலும் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். மறந்துபோய் விட்டதில்லை அம்மாடி, அது அவளுக்கு.

 

அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாக அம்மா சொன்னாள், இரண்டு பேரும் காலுறை போடாமல் தரையில் நடக்காதீர்கள். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பார். வருகிற ஞாயிறு அம்மாவிடம் பேசும்போது போனைச் செம்பின் மேல் சாய்த்து வைக்கச் சொல், நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கிறேன். அலோ அலோ என்று கத்த மாட்டேன். உனக்குப் பேச வந்தால் பேசு. வராவிட்டால் நான் எண்ணிக்கொண்டிருப்பேன். நாலு ஆனதும் மறுபடி ஒன்றிலிருந்து.

இப்படிக்கு
உன் நைனா
சத்தியநாதன்