கால் அங்குலம் திறந்த சிப்பி

உன் தம்பி நேற்று வந்திருந்தான். காக்கித்தாள் அட்டை போட்ட உன் படநோட்டையும் மூக்குக் கண்ணாடியையும் ஒரு துணிப்பையில் கொண்டுவந்து, "அக்காக்க சாமானுல இது ரெண்டும் உங்களுக்குள்ளதுன்னு தோணிச்சு" என்று மேசையில் வைத்தான். காப்பி போடுகிறேன் என்றேன். நிற்கவில்லை. அவன் போன பிறகு நோட்டைத் திறந்தேன். உன் ஆய்வறை மணம் வந்தது. ஜாடிகளில் நீ ஊற்றி வைக்கிற அந்தச் சாராய மருந்தின் மணம். நீ போய் மூன்று மாதமாகிறது. தாள் இன்னும் அந்த மணத்தை விடவில்லை.

எனக்கும் போன மாதம் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டாயிற்று. நீ இருந்தால் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சிரித்திருப்பாய். கண்ணாடி என்றால் என்னவென்று எனக்கு நாற்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. அந்தத் தைரியத்தில் உன்னுடையதை எடுத்து என் மூக்கில் வைத்துப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் கரைந்துவிட்டது. சன்னல் கம்பிகள் வளைந்தன. தலை சுற்றியது. கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் அதன் கனத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு தடித்த கண்ணாடியா நீ போட்டிருந்தாய்? இருபது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். நான் கவனித்ததே இல்லை.

பிறகு நோட்டைப் புரட்டினேன். மீன் செதில், தவளைக் கால், நண்டின் கொடுக்கு, ஒவ்வொன்றின் கீழும் அளவு. ஒரு பக்கத்தில் மட்டும் தாள் கொள்கிற அளவுக்குப் பெரிய கட்டம் போட்டிருந்தாய். கீழே "முட்டம், மாசி" என்று எழுதியிருந்தது. அந்தப் பெரிய கட்டத்துக்குள் இடது கீழ் மூலையில் ஒரே ஒரு சிப்பி, வாய் கொஞ்சம் திறந்து. மற்றபடி வெறும் வெள்ளைத்தாள். மீன்கள் எங்கே என்று முதலில் தேடினேன். நீ என்னிடம் சொன்ன மீன்கள்.

நாலு வருஷத்துக்கு முந்திய அந்த மாசியை உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். இப்போதுதான் அது எனக்கு முழுதாகத் தெரிகிறது.

உன் ஆய்வறையில், பாறையில் ஒட்டிப் பூப்போல விரிகிற கடல்பூ என்ற உயிர் ஒன்று ஜாடிக்குள் இருந்தது. வெளுத்து, சுருங்கி, வேகவைத்த முட்டைக்கோசு போல. பிள்ளைகள் இதன் நிறம் என்ன டீச்சர் என்று கேட்டால், "எனக்குத் தெரியாது. நான் கண்டதில்லை" என்று சொல்வாய். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்று நான் ஒருநாள் சொன்னபோது உனக்குக் கோபம் வந்தது. படம் வரைகிற பிள்ளைகளிடம் நீ ஓயாமல் சொல்வது ஒன்றுதான். "கண்டதை வரை. தெரிஞ்சதை வரையாத." நண்டுக்கு எட்டுக் கால் என்று படித்துவிட்டு, ஒடிந்த காலுள்ள நண்டைப் பார்த்தும் எட்டையும் வரைந்த பிள்ளைக்கு நீ பாதி மதிப்பெண் குறைத்தாய். அவள் அழுதாள். நீ கூட்டிப் போடவில்லை.

அந்த வருஷம் உன் தம்பி மனைவி வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாள். அம்மா படுக்கையில் விழுந்த ஆறு வருஷத்தில் உனக்குக் கிடைத்த விடுமுறை அந்த இரண்டு நாள்தான். மதியச் சாப்பாட்டின்போது தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, கடலுக்கு அடியில் ஒருதடவை பார்க்க வேண்டும் என்றாய். கடலுக்குள் போவதா, அதுவும் நாமா என்று நான் கேட்டேன்.

"பின்ன? இருவது வருசமா பொணத்த வச்சுல்லா பாடம் நடத்துதேன். உயிரோட அது இருக்க எடத்துல ஒருவாட்டி பாக்கண்டாமா?"

பிறகு வேலையைப் பிரித்தாய். "எடத்த நீ பாரு. கண்ணாடிய நான் பாக்கேன்."

கோட்டாற்றில் தகரப் பட்டறை வைத்திருந்த ஒரு சாயுபுவிடம் சொல்லி, இரண்டு வட்டக் கண்ணாடியைத் தகரத்தில் பதித்து, சைக்கிள் டியூப் ரப்பர் வைத்து, தண்ணீர் புகாமல் கீல் பூசிக் கொண்டுவந்தாய். எதற்கு என்று அவர் கேட்டாராம். கடலில் முங்கத்தான் என்று நீ சொன்னதும், அவர் கூலியே வேண்டாம், திரும்பி வந்து என்ன கண்டீர்கள் என்று சொன்னால் போதும் என்றாராம்.

நான் இடம் பார்த்தேன். கட்டுரைக்குக் குறிப்பு எழுதுவதுபோல ஒரு தாளில் எழுதினேன். கன்னியாகுமரியில் தங்க விடுதி உண்டு; ஆனால் நாகர்கோவில்காரர் யாராவது எந்நேரமும் எதிரே வருவார்கள். குளச்சலில் உன் பழைய மாணவி வாழ்க்கைப்பட்டிருந்தாள்; அவளுடைய மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டும். முட்டத்தில் பாறையும் வெளிச்சவீடும் உண்டு. நம்மவர் வீடு ஒன்றுகூட இல்லை; ஆனால் இரண்டு பெண்கள் தனியே இறங்கினால் ஊரே வேடிக்கை பார்க்கும். இரண்டு டீச்சர்மார் சேலையோடு கடலில் இறங்கினார்கள் என்று பள்ளிக்கூடத்துக்குச் சேதி வந்துவிடுமோ என்பதுதான் எனக்கு முதல் கவலை, கடைசிக் கவலையும் அதுதான். அப்போதுதான் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழா நினைவுக்கு வந்தது. மாசிக் கொடைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் கடலில் முழுகிவிட்டுத்தான் அம்மனைத் தொழப் போவார்கள். ஆயிரம் பேர் இறங்குகிற இடத்தில் நம் இருவரை யார் கேட்பார்கள்? வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பிரசாதம் வாங்கி வரச் சொன்னார், அவ்வளவுதான். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். நீ தாளை வாங்கிப் பார்த்தாய். மடித்துக் கொடுத்தாய்.

எங்கே போனால் கடல் தெரியும் என்பது நீ கேட்ட கேள்வி. எங்கே போனால் நம்மை யாருக்கும் தெரியாது என்பதற்கு நான் விடை எழுதியிருந்தேன்.

மண்டைக்காட்டில் அன்று காலை எவ்வளவு கூட்டம். இருமுடியோடு வந்த பெண்கள், கைப்பிள்ளைக்காரிகள், வேட்டு மணம். நீ மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தகரக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டாய். பக்கத்தில் நனைந்து நின்ற ஒருத்தி உன்னை உற்றுப் பார்த்தாள். அம்மனுக்குக் கையும் காலும் கண்ணும் செய்து நேர்ந்து வைக்கிற கோயில் அல்லவா.

"கண்ணு நேர்ச்சையாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமா, கண்ணுக்குத்தான்" என்றாய் நீ. சிரிக்கவே இல்லை. அவள் உன் தலையைத் தொட்டு, அம்மன் தருவாள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று தடவை முங்கினாய். ஒவ்வொரு தடவையும் அலை உன்னைப் புரட்டிக் கரையில் போட்டது. கடைசியில் தலையெல்லாம் மணலோடு வந்து உட்கார்ந்தாய். என்ன கண்டாய் என்று கேட்டேன்.

"காலு. ஒரு முப்பது காலு இருக்கும். ஒண்ணுல மெட்டி கெடந்துது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயல்காட்டு ஊரில் பிறந்த எனக்குக் கடற்கரை என்றால் மணல்தான். மணலில் அலை அடித்தால் தண்ணீர் சேறாகத்தான் இருக்கும், பாறை இருக்கிற இடத்தில்தான் உயிர்கள் ஒட்டிக்கிடக்கும் என்று ஒரு ஆளிடமாவது விசாரித்திருக்கலாம். விசாரித்தால் எதற்கு என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன். உன் இரண்டு நாளில் ஒரு நாளை நான் தின்றுவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டேன்.

நீ என் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாய். "ஏட்டி, நாளைக்கு ஒருநாள் கெடக்குல்லா. எந்திரி, வெயிலு ஏறுகு."

அன்று ராத்திரி கோயில் மண்டபத்தில் கூட்டத்தோடு படுத்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் மாட்டுவண்டி பேசி முட்டத்துக்குப் போனோம். பாறைகளுக்கு நடுவே சிப்பி எடுக்க முங்குகிற ஒருவரும் அவர் மனைவி லூர்தம்மாளும் இருந்தார்கள். அவர் நம்மைக் கண்டு பேசக் கூச்சப்பட்டு நடுப்பாறைக்கு நீந்திப் போய்விட்டார். லூர்தம்மாள்தான் இடுப்பில் கைவைத்து நின்று கேட்டாள்.

"சோறு வெளையித ஊருல இருந்து வந்து கடல்ல என்னத்த தொலச்சிய?"

நீ உன் ஜாடியைப் பற்றி, நிறம் போன கடல்பூவைப் பற்றி, இருபது வருஷத்தைப் பற்றி, ஒரு வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல அவளுக்குச் சொன்னாய். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு அலை உடையாத உள்பக்கம் ஒன்றைக் காட்டினாள். இரண்டாள் ஆழம், தண்ணீர் பச்சைக் கண்ணாடி போல அசையாமல் கிடந்தது. புருஷனின் கயிறு ஒன்றை எடுத்து உன் இடுப்பில் கட்டி, மறுமுனையை என் கையில் தந்தாள். கயிறு கீழிருந்து ஒரு வெட்டு வெட்டினால் மேலே இழுத்துவிட வேண்டும் என்றாள்.

"நீயும் முங்குதியா?" என்று என்னிடம் கேட்டாய்.

நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதுதான் என் பதில்.

அப்போது நீ மூக்குக் கண்ணாடியை என் முந்தானையில் முடிந்துவிட்டாய். இது இல்லாமல் எப்படி என்று கேட்டேன். "அங்கயும் கண்ணாடிதான இருக்கு" என்று தகரத்தைத் தட்டிக் காட்டினாய். கண்ணாடி என்றால் எல்லாம் கண்ணாடிதான் என்று தமிழ் டீச்சரான நான் நம்பினேன்.

ஐந்து தடவை முங்கினாய். பாறையைப் பிடித்தபடி நீ இறங்க, உன் கூந்தல் கீழே விரிவது மட்டும் எனக்குத் தெரிந்தது. நானும் உன்னோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசித் தடவை வந்து பாறையில் சாய்ந்தபோது உன் உதடு நீலமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தாய். என் முகம் எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது.

பிறகு சொல்லத் தொடங்கினாய். மஞ்சள் தேய்த்துக் குளித்த மாதிரி மீன்கள். பொதி விட்ட நெல்லு காற்றில் சாய்வதுபோல் பாசி. குங்குமத்தை அப்பி வைத்ததுபோல் கடல்பூ. கல்லுக்கு இடையில் கல்யாணப் பந்தல் போல வெளிச்சம். நான் கேட்கக் கேட்கச் சொன்னாய். "நீ எடம் பாக்காட்டா நான் இத கண்டிருப்பேனா, ஏட்டி?" என்றும் சொன்னாய். நேற்றைய பாரம் என் நெஞ்சிலிருந்து இறங்கிவிட்டது.

இடையில் ஒன்று சொன்னாய். "ஒரு சிப்பி, மூணு அங்குலம் இருக்கும். கால் அங்குலம் வாயத் திறந்திருந்து. ஓரத்துல பழுப்பா ஒரு மடிப்பு. எனக்க நெழலு பட்டதும் மூடிட்டு." அதை எந்த ராகமும் இல்லாமல் சொன்னாய். மீன்களுக்கு அவசரப்பட்டு நான் அதைக் கேட்டும் கேட்காமல் விட்டேன்.

லூர்தம்மாள் சிப்பி அவித்துத் தருகிறேன் என்றாள். நாம் சைவம் என்று நான் சொல்வதற்குள் நீ, "பாத்து பழகின மொகம், வேண்டாம்" என்றாய். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கொடைக்கு முழுகப் போனபோது நீ கண்டது என்று சொல்லி, நாலு வருஷமாக ஒவ்வொரு வகுப்பிலும் உன் கடலை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடமே பிள்ளைகளை அனுப்பிக் கரும்பலகையில் வரைந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். நீ சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுப்பாய், வேறொரு நாள் என்பாய், வைத்துவிடுவாய். அடக்கம் என்று நினைத்தேன். சாயுபுவிடமும் சிப்பியை மட்டும்தான் சொன்னாயாம். போன வாரம் அவர் கடைக்குப் போனபோது அவராகவே சொன்னார். அதையும் நான் அடக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நேற்று உன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அந்தக் கண்களுக்கு இது இல்லாமல் ஒரு சாணுக்கு அப்பால் ஒன்றும் தெரிந்திருக்காது. பாறையைப் பிடித்துக்கொண்டு முகத்தை ஒட்டி நீ கண்டது அந்தச் சிப்பி ஒன்றைத்தான். உவமை உனக்க வேலை, அளவு எனக்க வேலை என்று என்னைக் கேலி செய்கிறவள் அன்று மஞ்சளும் நெல்லும் குங்குமமும் கல்யாணப் பந்தலும் எங்கிருந்து எடுத்தாய்? அவை என் பாடத்திலிருந்து எடுத்தவை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தியின் முகத்துக்காக எடுத்தவை. வாயால் சொல்ல உனக்கு மனம் வந்தது. பென்சிலால் வரைய வரவில்லை.

இன்று காலையில் அந்தக் கட்டத்தின் வெள்ளையில் நீ சொன்ன மீன் ஒன்றையாவது வரையலாம் என்று பென்சில் சீவினேன். வரையவில்லை. நான் கண்டதில்லையே.

இப்போது நம் ஊர் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ் ராஜ்யத்தில் சேர்ந்தாயிற்று. பள்ளிக்கூட விடுமுறைப் பட்டியல் புதிதாக வந்திருக்கிறது. மாசியில் எனக்கு ஒரு நாள் கிடைக்கும். இந்தத் தடவை தாளில் எதுவும் எழுதிப் பார்க்கவில்லை. தகரக் கண்ணாடி உன் வீட்டுப் பரணில் இருக்கிறதாம். உன் தம்பி கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான். வீட்டில் பிரசாதம் கேட்டால், நான் கோயிலுக்குப் போகவில்லை, முட்டத்துக்குக் கடலில் முங்கப் போகிறேன் என்று சொல்வேன். லூர்தம்மாளிடம் கயிற்றைக் கேட்பேன். அவள் கையில் ஒரு முனை, என் இடுப்பில் ஒரு முனை.

என் கண்ணுக்கு எட்டத்தில் உள்ளது தெரியும், கிட்டத்தில் உள்ளதுதான் தெரியாது. உனக்கு நேர்மாறு. அதனால் உன் சிப்பியை நான் காணமாட்டேன். அது உன் நோட்டிலேயே என்னோடு இருக்கட்டும். மீன்கள் இருந்தால் காண்பேன். இல்லாமல் வெறும் பச்சைத் தண்ணீராக இருந்தால் மேலே வந்து அப்படியே சொல்வேன். பொய் சொல்லித் தேற்ற வேண்டிய முகம் எதுவும் கரையில் இருக்காது.